உப்புக்காற்றில் நிற்கும் கார் டிராக்கில் ஓடும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து கோவைக்கும் சென்னைக்கும் போய்ப் பந்தய டிராக்கில் ஓட்டிவிட்டு வருகிற நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். போன முறை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டினோம். யார் காரில் என்ன தகராறு வந்தது என்று திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். மதுரை தாண்டுவதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. என்ஜின் பழுதென்று யாருக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் உப்பு, அது இல்லாவிட்டால் வாரக்கணக்கில் நின்ற கார், அதுவும் இல்லாவிட்டால் நம்ம ஊர்த் தண்ணீர். கோளாறு விளைந்தது இங்கே, வெளியே தெரிந்தது அங்கே.

உப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் சுலபம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். ஆக, ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் காரின் அடிப்பகுதி இரவுதோறும் உப்புநீரில் நனைகிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இடத்தைத் தெரியாமலா தேர்ந்தெடுத்திருப்பார்கள்? இணையத்தில் கிடைக்கிற பழுதுபார்க்கும் குறிப்புகள் பெரும்பாலும் காய்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. அவற்றில் இந்தப் பக்கம் இருக்காது.

எந்த அறிகுறி வந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் லேப்பிலேயே (டிராக்கில் ஒரு முழுச் சுற்று) வந்ததா, நாலைந்து லேப் சூடேறிய பிறகா, பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் காரை நிறுத்தும் இடம்) வந்து நிறுத்திய பிறகா? குளிர்ந்திருக்கும்போதே வருகிற கோளாறு ஊரிலிருந்து கூட வந்தது. சூட்டில் வந்து, ஆறியதும் போகிற கோளாறு எண்ணெய், தண்ணீர், ரப்பர் சம்பந்தப்பட்டது. நிறுத்திய பிறகு வருவது பெரும்பாலும் மின்சாரம் அல்லது தேங்கிய வெப்பம். போனட்டைத் திறப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்ற கோளாறுகளில் நேரம் போகும், காசு போகும். இதில் ஆள் போய்விடலாம்.

நாலு லேப் நன்றாக நின்ற கார். அடுத்த வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, இரண்டு முறை பம்ப் அடித்தால் கொஞ்சம் மேலே வருகிறது. இது பிரேக் ஆயில் கொதித்த அறிகுறி. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் உங்கள் கால் குமிழியைத்தான் நசுக்குகிறது. அந்த லேப்பைக் கியரிலேயே வேகம் குறைத்து முடித்து, கையை வெளியே காட்டி உள்ளே வந்துவிடுங்கள். “இன்னும் ஒரே ஒரு லேப்” என்ற பேச்சு வேண்டாம்.

ஏன் கொதிக்கிறது? ஆயிரம் கிலோ கார் 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் ஏறக்குறைய 600 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரே ஒரு பிரேக்கிங்குக்கு இவ்வளவு. கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் அடுத்தடுத்து வரும், டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வேகம் அதிகம், ஆனால் சுற்று 3.7 கிலோமீட்டர் என்பதால் நேர்ப்பாதையில் காற்றுப்பட்டுக் கொஞ்சம் ஆறும்.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இந்த ஆயில் மூன்றுமே ஈரத்தைக் குடிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரப்படி அவை தாங்க வேண்டிய அளவு 140, 155, 180 என்று இறங்கிவிடும். போனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடித் துவாரம், ரப்பர் ஹோஸ் என்று எல்லா வழியிலும் ஈரம் புகுகிற ஊரில் இரண்டு வருடப் பழைய ஆயிலோடு டிராக்குக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. பரமக்குடிப் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் நம் கூட்டத்துத் தம்பி ஒருவர், “அண்ணே, ஆயில் கறுக்கவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?” என்று கேட்டார். “கலர்ல தண்ணி தெரியாது தம்பி” என்றார் மெக்கானிக். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிகான். மற்ற மூன்றோடும் கலக்கக்கூடாது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள காருக்கும் அது வேண்டாம். 5.1 வேறு, 5 வேறு. கடையில் அவசரத்தில் மாறிவிடும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பெடல் குளிர்ந்த நிலையிலேயே மெத்தென்று இருந்தால் கதை வேறு. லைனில் காற்று இருக்கலாம், எங்காவது கசியலாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். என்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும் வரை பம்ப் அடித்து, அழுத்திய காலை எடுக்காமல் அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் கசிவுதான். நாலு சக்கரத்தின் உட்பக்கமும் கீழே ஓடும் இரும்புக் குழாயும் ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கேயும் ஈரம் இல்லை, டப்பாவிலும் அளவு குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் நழுவுகிறது.

அந்த இரும்புக் குழாய்தான் கடலோரக் காரின் பலவீனமான இடம். பிளாஸ்டிக் கிளிப்புக்குள் உப்புச்சேறு தங்கி, வெளியே தெரியாமல் உள்ளேயே அரித்துவிடும். தனுஷ்கோடியில் மணலில் இறக்கி ஓட்டின கார் என்றால் கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் டிராக்குக்கு எடுத்துவராதீர்கள். மேலே வெறும் துரு நிறம் என்றால் தேய்த்துப் பார்க்கலாம். செதில் செதிலாக உதிர்ந்தால் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

ஆயில் மாற்றி ஏர் எடுக்கும் வேலை எளிது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் உட்பக்கம் இருக்கும் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) திறந்து, ஆயில் வந்ததும் மூடி, பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். டப்பாவில் அளவு குறைந்து காற்று உள்ளே போய்விடாமல் நடுநடுவே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கல் அந்த நிப்பிளில்தான். உப்பில் இறுகிப்போனதை ஸ்பேனர் போட்டுத் திருகினால் கழுத்தோடு முறிந்துவிடும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். திறக்கும்போது ஆறுபட்டை சாக்கெட் போடுங்கள், ரிங் ஸ்பேனர் வழுக்கிவிடும். வேலை முடிந்ததும் ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டுங்கள். நம் பக்கத்துக் கார்களில் பாதிக்கு அந்த மூடி இருப்பதில்லை.

பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, கார் நிற்கவில்லை

இது ஆயில் அல்ல, பேட், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. சாதாரண ரோட்டுப் பேட் 300, 400 டிகிரிக்கு மேல் போனால் பிடிப்பை இழக்கும். கருகிய வாசனை வரும். கொஞ்சம் ஆறினால் பழைய நிலைக்கு வரலாம், ஆனால் மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளத்துவிட்டால் ஆறினாலும் பயனில்லை. புதுப் பேட் போட்ட கையோடு நேராக டிராக்குக்கு வருகிறவர்களுக்கும் இது நடக்கும். ஊரிலேயே போக்குவரத்து இல்லாத நேரத்தில் நடுத்தர வேகத்திலிருந்து படிப்படியாகப் பிரேக் அடித்து, நடுவில் ஆறவிட்டு, பேட்டைப் பழக்கிவிட்டு வர வேண்டும்.

பேட்டைக் கழற்றும்போது பின்தகட்டின் ஓரத்தையும் பாருங்கள். தகட்டில் துரு ஏறினால் பேட் பொருளை மெல்லத் தூக்கிப் பிரித்துவிடும். தடிமன் இன்னும் பாதி இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது. நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

குளிர்ந்த காரிலும் பெடல் இறுகி, மிதிக்கவே பலம் தேவைப்பட்டால், மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகிற வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். என்ஜினை அணைத்து நாலு முறை மிதித்துவிட்டு, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸைத் தேடுங்கள்.

பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது

“டிஸ்க் கோணிடுச்சு” என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் கோணியிருக்காது. செஷன் (ஒரு தடவை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து சூட்டோடு வந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றால் பேட் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டுதான் உதறல். கடைசி லேப்பை முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடாக்கில் (ஓட்டாத நேரத்தில் கார்கள் நிற்கும் வளாகம்) கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்.

டிராக்குக்குப் போகும் முன்பே உதறல் இருந்தால் அது வேறு. காரை வாசலிலேயே வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பேட் மூடியிருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் துரு குழித்துவிடும். லேசான துரு நாலு பிரேக்கில் போய்விடும். விரல் நகத்தில் தட்டுப்படுகிற குழி போகாது.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது

பிரேக் அடித்தால் மட்டும் இழுக்கிறதா, எப்போதும் இழுக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கில் மட்டும் என்றால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர். செஷன் முடிந்து வந்ததும் நாலு டிஸ்க்கின் சூட்டையும் ஒப்பிடுங்கள். கையால் தொட வேண்டாம், வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம் கூட்டத்துக்கு ஒன்று போதும். முன் இரண்டில் ஒன்று மட்டும் எக்கச்சக்கமாகச் சூடேறியிருந்தால் அந்தப் பக்கக் காலிப்பர் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் வேலையே செய்யவில்லை. இரண்டுக்குமே காரணம் ஸ்லைடு பின் துருவாக இருக்கலாம். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ் தடவினால் சரியாகும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

எப்போதும் இழுக்கிறது என்றால் முதலில் காற்று. நம் மாவட்டத்தில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, சீமைக்கருவேல முள் இருக்கிறது. வெளியே ஒடிந்து உள்ளே நுனி மட்டும் நிற்கும். தினசரி ஓட்டத்தில் தெரியவே தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறையும், பங்கில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். டிராக்கில் சூடேறும்போது அந்த ஓட்டை பெரிதாகும். புறப்படும் வாரத்தில் நாலு டயரையும் கழற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பஞ்சர் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ரப்பர்ப் புரி வைத்து ஓட்டையை அடைத்த டயரோடு டிராக்கில் ஏறாதீர்கள். உள்ளே பேட்ச் போட்டதென்றாலும் பின்சக்கரத்துக்கு மாற்றலாமா என்று கேட்காதீர்கள், ஏற வேண்டாம், அவ்வளவுதான்.

வெப்ப முள் ஏறுகிறது

நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா? பேடாக்கில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் ஓடவில்லை. ஃப்யூஸ், ரிலே, ஃபேன் மோட்டாருக்குப் போகிற கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூஞ்சை பிடித்தது போல இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். வேகத்தில் ஏறி, நின்றால் இறங்கினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது தண்ணீர்ப் பம்ப்.

ரேடியேட்டர் அடைப்பு நம் ஊரில் தனிப் பிரச்சினை. போர் தண்ணீரைத்தானே எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறோம்? அதில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் என்ஜின் சூட்டில் உள்ளே படிந்துவிடும். வழியில் குறைகிறதென்று டீக்கடைக் குடத்துத் தண்ணீரை ஒரு முறை ஊற்றியது தப்பில்லை, ஆபத்துக்குப் பாவமில்லை. ஊர் வந்ததும் அதை வடித்துவிட வேண்டும். கூலன்ட்டில் கலக்க பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

வெளியேயும் பாருங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன், மண்டபம் பக்கம் நிற்கிற காரின் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணல் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கத்திலிருந்து மெதுவாக நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் கூடாது, உப்பில் இற்றுப்போன அலுமினியத் தகடு விரலால் தொட்டாலே உதிரும்.

டிராக்கில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், கண்ணாடியை இறக்கி மெதுவாக ஒரு சுற்று வந்து நுழையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். அழுத்த மூடி இருப்பதால்தான் உள்ளே உள்ள தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறந்து, ஸ்டார்ட் செய்து, டேங்கில் விடாமல் குமிழி வருகிறதென்றால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். அந்தக் காரை அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

நீண்ட வளைவில் மட்டும் திணறுகிறது

நேர்ப்பாதையில் நன்றாக இழுக்கிறது, நீண்ட வளைவில் ஒரு நொடி வெட்டுகிறது. டேங்கில் பெட்ரோல் குறைவு. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. அரை டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். எடை கூடுமே என்று பெட்ரோலில் சிக்கனம் பார்க்கிறவர்கள் முதலில் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியையும் வீட்டுச் சாமானையும் பேடாக்கில் இறக்கி வைக்கலாம்.

வெட்டு இல்லாமல் சிவப்பு ஆயில் விளக்கு மட்டும் மினுக்கினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். என்ஜின் ஆயில் சேம்பரில் ஒரு பக்கம் ஒதுங்கி, பேரிங் காய்கிறது. உடனே காலை எடுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருக்க வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம்.

மதியத்துக்கு மேல் இழுவை குறைந்துவிட்டது

கொஞ்சம் இயற்கை. காலை 28 டிகிரியில் இருந்த காற்று மதியம் 40-க்குப் போனால் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறையும், பவரும் அந்த அளவுக்குக் குறையும். டர்போ காரில் இன்டர்கூலர் சூடேறினால் இன்னும் கூடத் தெரியும். என்ஜினில் கிணுகிணு என்று நாக்கிங் சத்தம் கேட்டாலோ, சத்தமே இல்லாமல் பவர் மட்டும் விழுந்தாலோ, ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நாக்கிங்கைத் தடுக்க இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கிறது என்று பொருள். ஓட்டும் நேரத்தைக் குறைத்து, ஆறவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், கச்சான் மணல் அங்கேயும் இருக்கும். டீசல் கார் கரும்புகை விட்டால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ரெவ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் நழுவுகிறது. வாசனையும் வரும். பேடாக்கில் சரி செய்கிற வேலை இல்லை. மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர வேண்டியதுதான், திண்டுக்கல் வரை மேட்டுச் சாலையில் உயர்ந்த கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

உள்ளூரில் அணைந்திருந்து டிராக்கில் மட்டும் எரிந்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேக சென்சாரின் கனெக்டர் அல்லது அதற்கடியில் ஏறிய துரு. சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொங்கினால் அது பல் வளையத்திலிருந்து ஒரு இழை விலகும், சிக்னல் தடுமாறும். கழற்றித் துருவைத் தேய்த்து எடுத்து மாட்டினால் சரியாகிவிடும், புதிது வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். விளக்கு எரிந்தபடி ஓட்டினால் சாதாரணப் பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. புதிதாக டிராக்குக்கு வந்தவர் அப்படி ஓட்டக்கூடாது என்பது என் கருத்து. பழையவர்கள் தங்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று நினைப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் சென்சார்களைத் தேடாதீர்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைப் பிடியுங்கள்.

மாலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

டக் என்ற ஒரே சத்தம். டெர்மினலைப் பாருங்கள், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்றி, கடைசியாக நெகட்டிவை மாட்ட வேண்டும். நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஓடும்போது 14 வோல்ட் சுற்றுவட்டாரத்துக்கு வராவிட்டால் ஆல்டர்னேட்டர்.

டயர் வழுக்குகிறது, தோள் மட்டும் தேய்கிறது

டயர் சூட்டில் காற்று ஏறும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. பங்கில் 33 வைத்துக்கொண்டு வந்து ஓட்டினால் சில லேப்பில் 38, 39-க்குப் போய் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், கார் மிதக்கும். முதல் செஷன் முடிந்த உடனே, ஆறுவதற்குள் அளந்து, நாலையும் ஒரே அளவுக்கு இறக்குங்கள். ரொம்பவும் இறக்கினால் வெளித்தோள் மடிந்து தேயும், டயரின் பக்கவாட்டு எழுத்து வரை தேய்ந்திருந்தால் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஊருக்குத் திரும்பும் முன் பழையபடி நிரப்ப மறக்கக்கூடாது.

பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1819 என்றால் 2019-ன் 18-வது வாரம். பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், வெயிலில் நின்றே வயதான டயருக்குப் பிடிப்பு இருக்காது.

ஓட்டுகிறவருக்கே தலை சுற்றுகிறது

ஹெல்மெட், மூடிய கண்ணாடி, ஏசி இல்லாத கார். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். வளைவை இரண்டு முறை தொடர்ந்து தவறவிட்டால் கார் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் இறங்குங்கள். கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொண்டுவரும் நன்னாரி சர்பத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர்.

ஊர் வந்த பிறகு

மறுநாளே அடிப்பகுதியைக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுகிற வேலை. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் ஒதுக்கிக் கடைசியாக அதை ஊற்றி விடுங்கள். சக்கர நட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) மறுபடி இறுக்குங்கள். வேகத்துக்கு ஏற்ப உறுமல் கூடினால் வீல் பேரிங். மேடு பள்ளத்தில் டொக்கென்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். ஊர்ப் பள்ளத்தில் ஏற்கனவே பாதி போயிருந்தது டிராக்கில் மீதியும் போயிருக்கும்.

பழுது பார்த்த காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ அரிச்சல்முனை நேர்ப்பாதையிலோ சோதித்துப் பார்க்க நினைக்காதீர்கள். ஆடு வரும், உப்பு லாரி வரும், சுற்றுலா வேனிலிருந்து குழந்தைகள் குதித்து ஓடும்.

அடுத்த முறைக்கு

இடம் மறுபடி கரியா, இருங்காட்டுக்கோட்டையா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். என் வாக்கு கரிக்குத்தான். மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாக முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். சென்னை ஐந்நூறுக்கு மேல், ஓட்டிய அதே காரில் அதே களைப்போடு திரும்ப வேண்டும். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு இருங்காட்டுக்கோட்டை மேல் ஒரு பாசம் இருக்கிறது. 1990-லிருந்து இருக்கிற டிராக், அது வேகமானதும்கூட. முதல் முறை வருகிற இருவரை அங்கே அழைத்துப் போக எனக்கு மனமில்லை. மாதம் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம், சித்திரை வெயிலும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். சுவரில் இடித்தால் செலவு நம்முடையது. அதைத் தெரிந்துகொண்டு மனைவியிடமும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் வரலாம்.

சாமான் பங்கீடு: கம்ப்ரசரும் காற்றளவியும் தொண்டிக்காரர்கள், டார்க் ரெஞ்சும் ஜாக்கியும் நான், தீயணைப்பான் ஒவ்வொரு காருக்கும் ஒன்று, இழுவைக் கொக்கியைத் திருகிப் பார்த்துவிட்டு வர வேண்டும், துருவில் மரை போயிருந்தால் அங்கே போய் மாட்ட முடியாது. டாட் 4 ஆயில் சீல் பிரிக்காத டப்பாவாக மொத்தமாக வாங்கிவிடலாம். திறந்து வைத்த டப்பாவை நம் ஊர்க் காற்றில் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

நிப்பிள் ஒன்று முறிந்தால் காலிப்பரைக் கழற்றி, லேத்துக்குக் கொடுத்து வாங்க நாலைந்து நாளாகிவிடும். அதனால் தேதி முடிவானதும் யார் கார் எந்த நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாக் காரும் ஏறி இறங்கிவிட வேண்டும்.